மூலையில் மஞ்சள் உண்டா?

தபால்காரர் ஒரு கார்டை நீட்டுகிறார். வாங்குகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? எழுத்தையா? இல்லவே இல்லை. மூலையைத்தான் பார்ப்பார்! மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் முகம் மலர்ந்துவிடும். எங்கோ கல்யாணம், அல்லது வேறு ஏதோ மங்கள காரியம். மூலையில் கறுப்பு மை தெரிந்தாலோ, படிப்பதற்கு முன்பே நெஞ்சு பதறிவிடும். வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தக் கார்டை வீட்டுக்குள் கொண்டு போகிற வழக்கம் கிடையாது.

இந்தியாவில் தபால் கார்டு 1879-ல் வந்தது. விலை காலணா. அந்தக் காலணாக் கார்டை வைத்துக்கொண்டு நம்மவர்கள் ஓர் அற்புதமான ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள், பார்த்தீர்களா? எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடக் கார்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அது நல்ல சேதியா, துக்கச் சேதியா என்று தெரிந்துகொள்வாள். பேரனைக் கூப்பிட்டு நிதானமாகப் படிக்கச் சொல்வதா, அல்லது பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் ஓடுவதா என்று அதற்குள் தீர்மானமும் செய்துவிடுவாள். தந்திக்கு மஞ்சளும் வேண்டாம், மையும் வேண்டாம். தந்திச் சேவகனின் சைக்கிள் தெருவில் நுழைந்தாலே போதும், தெருவே எழுந்து நிற்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலை மாதத்தோடு இந்தியாவில் விடைபெற்றுக்கொண்டது.

இன்றைக்கு உங்கள் செல்போனில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள். எத்தனை கடிதங்கள்! பாங்கியிலிருந்து ஒன்று, ஜவுளிக் கடையிலிருந்து மூன்று, என்றோ ஒருநாள் டிக்கெட் வாங்கிய பஸ் கம்பெனியிலிருந்து இரண்டு, மஸ்கட்டில் இருக்கும் மகனிடமிருந்து ஒன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஆளுக்கு ஒரு வரி. மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை. மகன் கடிதமும் சேலைத் தள்ளுபடியும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

இங்கேதான் ஆபத்து. ஒரு கடிதம் காணாமற் போவதற்கு வழியில் தொலைய வேண்டியதில்லை; கூட்டத்தில் நின்றாலே போதும்.

அஞ்சல் என்றொரு பழைய உறவு

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு 'அஞ்சல்' என்ற சொல் புதியது அல்ல. மற்றத் தமிழ் ஜில்லாக்காரர்கள் 'தபால்', 'தபால்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாளிலேயே தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் அஞ்சல் நடந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென்று நடத்திய தபால் இலாகாவுக்கு அதுதான் பெயர். முதலில் சர்க்கார் காகிதங்களை மட்டும் சுமந்தது. பிறகு பொது ஜனங்களின் கடிதங்களையும் ஏற்றுக்கொண்டது. 1888-ல் சமஸ்தானம் சங்கு முத்திரை பொறித்த தன் சொந்தத் தபால் தலைகளையும் வெளியிட்டது.

அஞ்சல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அஞ்சலோட்டக்காரன் என்று பெயர். கையில் மணி கட்டிய கோல் இருக்கும். ஜல் ஜல் என்று சத்தம் கேட்டால் வழியில் நிற்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கார் காரியம் அல்லவா? அந்த அஞ்சல் 1951-ல் இந்தியத் தபால் இலாகாவோடு ஒன்றாகிவிட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்த நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லா என்ற பெயரோடு தமிழ்ச் சீமைக்கு வந்தன. ஓட்டக்காரன் போனான்; மணியும் போயிற்று. சொல் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்குத் தமிழர்கள் எல்லோரும் வாய் நிறைய 'மின்னஞ்சல்' என்கிறோமே, அந்தச் சொல்லின் பிற்பாதி இதுதான்!

ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டக்காரனின் மணி, 'ஏதோ வருகிறது' என்று மட்டும்தான் சொல்லும். என்ன வருகிறது, யாருக்கு வருகிறது என்று சொல்லாது. அதற்குப் பையை அவிழ்க்க வேண்டும்; கடிதங்களை ஊர்வாரியாகவும் தெருவாரியாகவும் பிரிக்க வேண்டும். உங்கள் செல்போன் 'டிங்' என்கிறதே, அதுவும் அதே மணிதான். மணி அடித்தவுடன் ஓடிப்போய்ப் பார்க்கிறோம். ஆனால் பிரிக்கிற வேலையை யார் செய்வது?

ஒரே வருஷம், இரண்டு காரியம்

1972-ஆம் வருஷம் கடிதங்களைப் பிரிக்கும் கலையில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. ஒன்று நம் நாட்டில், மற்றொன்று அமெரிக்காவில். இரண்டுக்கும் இடையே ஒரு மாதம்கூட ஆகியிருக்குமோ, என்னவோ!

நம் நாட்டுக் காரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 'பின்கோடு' அமலுக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு இலாகாவில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் செய்த ஏற்பாடு அது. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. பாரத தேசத்தில் ஒரே பெயரில் எத்தனை ஊர்கள்! எத்தனை பாஷைகள், எத்தனை விதமான கையெழுத்துகள்! இவற்றுக்கு மத்தியில் தபால் பிரிக்கிறவர் திணறாமல் இருக்க ஆறு எண்கள் கைகொடுத்தன. நாகர்கோவில் தலைமைத் தபால் நிலையத்தின் எண் 629001. முதலில் நிற்கும் 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த தென்மண்டலம். முதல் மூன்று எண்களைச் சேர்த்து 629 என்று பார்த்தால் நம் ஜில்லா. கடைசி மூன்றும் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். கன்னியாகுமரிக்கு 629702. தபாலைப் பிரிக்கிறவர் உறையைக் கிழிப்பதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மேலே ஒரு பார்வை. உடனே கை அதற்குரிய அறையில் கடிதத்தைப் போட்டுவிடுகிறது.

அமெரிக்கக் காரியம் இதற்கு முந்திய மாதம், ஜூலையில் நடந்தது. அதற்கு முந்திய வருஷம்தான் ரே டாம்லின்சன் என்ற என்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டியிருந்தார். முகவரியின் நடுவே சுருண்டு கிடக்கும் 'அட்' குறியை வைத்தவரும் அவரே. கடிதம் போய்ச் சேர்ந்தது, வாஸ்தவம். ஆனால் படிப்பது பெரும்பாடாக இருந்தது. வந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பத்தாவது கடிதம் வேண்டும் என்றால் முன்னால் உள்ள ஒன்பதையும் தாண்டித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்க ராணுவ இலாகாவின் 'அர்ப்பா' என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் லாரி ராபர்ட்ஸ் என்பவர் இருந்தார். அவர் 1972 ஜூலையில் ஒரு சிறு புரோகிராம் எழுதினார். வந்திருக்கும் கடிதங்களை அது முதலில் ஜாபிதாவாகக் காட்டும். வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்கலாம். படித்ததைக் கோப்பில் போடலாம், இன்னொருவருக்குத் திருப்பி அனுப்பலாம், பதிலும் எழுதலாம். இன்றைக்கு நாம் இன்பாக்ஸ் என்று சொல்வதன் வித்து அதுதான். முதலில் ஜாபிதா, பிறகு தேர்வு, அதன் பிறகே படிப்பு. அரை நூற்றாண்டு ஆகியும் இந்த வரிசையை மிஞ்சிய யோசனை ஒன்றும் வந்துவிடவில்லை.

பெட்டி பெருத்த கதை

ஆரம்பத்தில் மின்னஞ்சலைப் படிக்க அவரவர் கம்ப்யூட்டரில் அதற்கென்று தனிச் சாதனங்கள் வேண்டியிருந்தன. 1996 ஜூலை 4-ஆம் தேதி சபீர் பாட்டியா என்ற இந்திய இளைஞரும் ஜாக் ஸ்மித் என்ற அமெரிக்க நண்பரும் சேர்ந்து 'ஹாட்மெயில்' என்பதைத் தொடங்கினார்கள். உலகத்தில் எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் வலைப்பக்கத்தைத் திறந்து தன் கடிதத்தைத் தானே படிக்கலாம். காசும் கிடையாது! அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

அப்போது பெட்டி சிறியது. இடம் நிறைந்துவிட்டால் பழைய கடிதத்தை அழித்தால்தான் புதியது வரும். ஆகவே, ஜனங்கள் அவ்வப்போது சுத்தம் செய்தார்கள். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி கூகுள் கம்பெனி ஜிமெயிலை அறிவித்தது. ஆளுக்கு ஒரு ஜிகாபைட் இடம் இனாம் என்றார்கள். தேதியைப் பார்த்துவிட்டு, 'முட்டாள்கள் தினத்துக்கு நல்ல வேடிக்கை!' என்று பலர் சிரித்தார்கள். வேடிக்கை அல்ல, நிஜம்தான். அன்று முதல் அழிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

வீட்டில் பத்தாயம் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? நெல்லோடு பதரும் சேர்ந்து உள்ளே போகும். 'இடம் இருக்கிறதே, கிடக்கட்டும்' என்று தோன்றும். களத்தில் பொலி தூற்றிப் பதரை ஒதுக்கி, விதைநெல்லைத் தனியே கட்டி வைத்த குடும்பம்தானே அடுத்த பூவுக்குக் கையை விரிக்காமல் நின்றது? மின்னஞ்சலில் நாம் தூற்றுவதை மறந்தோம். பத்தாயிரம் கடிதம், இருபதினாயிரம் கடிதம் என்று குவித்துவிட்டோம். அதற்குள் எங்கோ விதைநெல் கிடக்கிறது.

வடசேரியில் ஒரு வீடு

நஷ்டம் எப்படி வருகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் கற்பனை, நடப்பு பல வீடுகளில் உள்ளதுதான்.

நாகர்கோவில் வடசேரியில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். பேத்தி நர்ஸ் படிப்பு முடித்திருக்கிறாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் காலேஜுக்கு மனுப் போட்டபோது பாட்டாவின் மின்னஞ்சல் முகவரியைத்தான் எழுதினார்கள். அன்று முதல் எல்லா விண்ணப்பத்திலும் அதே முகவரிதான். பேத்தி இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அதைவிடப் பெரிய இடம் ஒன்றுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். தினம் ராத்திரி போனில் இதே பேச்சு.

"பாட்டா, எனக்கு மெயில் ஏதும் வந்துதா?"

"நானும் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், மக்களே. ஒண்ணும் வரல்ல."

"நல்லாப் பாருங்க பாட்டா."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தாம்மா பாக்கேன். பேங்குக்காரன் எழுதியிருக்கான், கரண்டு பில்லு வந்திருக்கு. நம்ம காரியம் ஒண்ணையும் காணல்ல."

சனிக்கிழமை பேத்தி ஊருக்கு வந்தாள். போனை வாங்கினாள். 'விளம்பரங்கள்' என்ற அறையைத் தட்டினாள். சேலைத் தள்ளுபடிக்கும் செருப்புத் தள்ளுபடிக்கும் நடுவே அந்த ஆஸ்பத்திரியின் கடிதம் உட்கார்ந்திருந்தது! திங்கட்கிழமை வந்த கடிதம். நேர்முகத் தேர்வுக்கு வர இஷ்டமானால் வியாழனுக்குள் பதில் போடவும் என்று எழுதியிருந்தது.

பாட்டா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த அறையில் கடிதம் இல்லை, அவ்வளவுதான். அப்படி வேறு அறைகள் இருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேத்தி உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினாள். 'இடம் பூர்த்தியாகிவிட்டது' என்று மறுநாள் பதில் வந்தது. அந்தக் கடிதம் மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் முதல் அறையிலேயே வந்து விழுந்தது!

பிரிப்பவன் யந்திரம், மேஸ்திரி நீங்கள்

ஜிமெயில் 2013-ஆம் வருஷத்தில் பெட்டியை அறை அறையாகத் தடுத்தது. முதன்மை, சமூகம், விளம்பரங்கள், அறிவிப்புகள், மன்றங்கள் என்று ஐந்து அறைகள். யார் அனுப்பினார், எந்த மாதிரிக் கடிதம் என்றெல்லாம் பார்த்து யந்திரம் ஊகித்துப் போடுகிறது. பெரும்பாலும் சரியாகத்தான் போடுகிறது. ஆனால் ஸ்தாபனங்கள் நூற்றுக் கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பும் கடிதத்தைப் பார்த்தால் அதற்கு ஜவுளிக்கடை ஞாபகம் வந்துவிடுகிறது. ஆள் வேலை செய்யும்போது மேஸ்திரி மேற்பார்வை பார்க்க வேண்டாமா? அதை மட்டும் நாம் செய்தால் போதும்.

எப்படி? தவறான அறையில் கிடக்கும் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே இழுத்து 'முதன்மை' அறையில் விடுங்கள். 'இந்த முகவரியிலிருந்து இனி வருவதையும் இங்கேயே போடவா?' என்று கேட்கும். 'ஆம்' என்று சொல்லிவிடுங்கள். 'ஸ்பாம்' என்று ஒரு குப்பைக் கூடை இருக்கிறது. அதையும் வாரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாருங்கள். நல்ல கடிதம் அகப்பட்டால் 'ஸ்பாம் அல்ல' என்ற பொத்தானை அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். தள்ளிப் போடாதீர்கள். அந்தக் கூடையில் விழுந்தது 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். பிறகு மீட்க வழியில்லை.

ஓர் அறையும் வேண்டாம், எல்லாம் ஒரே வரிசையில் வரட்டும் என்றாலும் வழி உண்டு. மேலே வலப்பக்கம் பல்சக்கரம் போன்ற ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் பெட்டியை எப்படி அடுக்க வேண்டும் என்று கேட்கும். படிக்காதவை முதலில் வர வேண்டுமா, முக்கியமானவை முதலில் வர வேண்டுமா, நட்சத்திரம் இட்டவை முதலில் வர வேண்டுமா? உங்கள் சௌகரியம்! வயதானவர்களுக்குப் 'படிக்காதவை முதலில்' என்ற ஏற்பாடு உத்தமம்.

உறையைப் பிரிக்காமலே ஒரு பார்வை

இனி முன்னோட்டத்துக்கு வருவோம். கடித வரிசையில் ஒவ்வொரு வரியையும் உற்றுப் பாருங்கள். முதலில் அனுப்பியவர் பெயர். அடுத்துத் தடித்த எழுத்தில் விஷயம். அதற்கும் அடுத்து மங்கலான எழுத்தில் கடிதத்தின் ஆரம்பச் சொற்கள் சில. இந்த மங்கலான துண்டுதான் இன்றைய மஞ்சள்! 'உங்கள் விண்ணப்பம் தொடர்பாக' என்றிருந்தால் உடனே திறக்கலாம். 'இன்று மட்டுமே பாதி விலை' என்றிருந்தால் திறக்காமலே தள்ளிவிடலாம். தபாலைப் பிரிக்கிறவர் உறையை மட்டும் பார்த்து அறையில் போடுவது போல, இதுவும் ஒரு கண்வீச்சில் நடக்கிற காரியம்.

கம்ப்யூட்டரில் இதைவிட விஸ்தாரமான ஏற்பாடு ஒன்று உண்டு. அதே பல்சக்கரத்தை அழுத்தி, 'படிக்கும் பலகம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கடிதங்களின் வரிசை. வலது பக்கம் கடிதம். வேண்டுமானால் வரிசையை மேலேயும் கடிதத்தைக் கீழேயும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் பக்கத்தில் விரியும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அலைய வேண்டியதில்லை. நூறு கடிதம் சேர்ந்துவிட்ட நாளில் இதன் அருமை தெரியும்.

ஆனால், இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலகத்தில் ஒரு கடிதம் சில விநாடிகள் விரிந்திருந்தாலே, 'படித்தாயிற்று' என்று யந்திரம் கணக்கு எழுதிவிடும். தடித்த எழுத்து மெலிந்துவிடும். நீங்கள் அந்தச் சமயம் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போயிருப்பீர்கள்! திரும்பி வந்து பார்த்தால் அது படித்த கடிதங்களின் கூட்டத்தில் கலந்திருக்கும். பார்ப்பது வேறு, படிப்பது வேறு அல்லவா? இதற்கும் மருந்து உண்டு. எத்தனை விநாடி கழித்துப் 'படித்தது' என்று குறிக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். உடனே, 1 விநாடி, 3 விநாடி, 20 விநாடி, ஒருபோதும் வேண்டாம் என்று ஐந்து தேர்வுகள் உண்டு. 20 விநாடியோ, 'ஒருபோதும் வேண்டாம்' என்பதோ நல்லது. பதில் போட வேண்டிய கடிதத்தைப் படித்த பிறகும் 'படிக்காதது' என்று திரும்பக் குறித்து வைக்கலாம். அல்லது ஒரு நட்சத்திரம் இடலாம்.

நாலு கூடை போதும்

ஒழுங்கு ஒழுங்கு என்று ஐம்பது பிரிவுகளை உண்டாக்கிக்கொண்டு அல்லாடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு நாலு பெயர்ச்சீட்டுகள் போதும்: 'பணம்', 'படிப்பும் வேலையும்', 'வைத்தியம்', 'உறவு'. பாங்கி, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் முதலாவதில். ஹால் டிக்கெட், நேர்முக அழைப்பு, நியமன உத்தரவு இரண்டாவதில். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் மூன்றாவதில். நான்காவது எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய அலமாரிக்கும் ஜிமெயில் சீட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அலமாரியில் ஒரு காகிதம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். இங்கே ஒரே கடிதத்துக்கு இரண்டு சீட்டுகள் ஒட்டலாம். ஆஸ்பத்திரிப் பில்லுக்கு 'வைத்தியம்' என்றும் 'பணம்' என்றும் இரண்டையும் ஒட்டுங்கள். எந்த வழியாகத் தேடினாலும் அகப்படும். 'வடிகட்டி' என்ற ஏற்பாட்டில் ஒரு தரம் சொல்லிவிட்டால், குறிப்பிட்ட முகவரியிலிருந்து வருகிற கடிதங்களுக்கெல்லாம் யந்திரமே சீட்டை ஒட்டிவிடும். பேத்தியின் வேலைக் கடிதங்களுக்கு இப்படி ஒரு வடிகட்டி வைத்திருந்தால் பாட்டா அவ்வளவு சங்கடப்பட்டிருக்க வேண்டியதில்லை.

முடிந்த காரியத்தின் கடிதத்தை என்ன செய்வது? அழிக்க மனம் வராது. வேண்டாம், 'காப்பகம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது பரண் மாதிரி. கூடத்தை விட்டுப் போகும். வீட்டை விட்டுப் போகாது. பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். பரணில் போடுவதற்கும் குப்பையில் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள். குப்பையில் போட்டதும் 30 நாளில் போய்விடும்.

தினம் இரண்டு வேளை, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். வேளைக்குப் பத்தே நிமிஷம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தீர்ப்பு: இப்போதே பதில், பிறகு பதில், பரண், குப்பை. தீர்ப்புச் சொல்லாமல் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

மஞ்சள் பூசிய பொய்

நல்ல சேதி போல் வேஷம் போட்டு வரும் கடிதங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஜில்லாவிலிருந்து நர்ஸ்களும் என்ஜினீயர்களும் கப்பல் வேலைக்காரர்களும் உலகமெல்லாம் போயிருக்கிறார்கள். ஆகவே, 'வெளிநாட்டில் உத்தியோகம், கை நிறையச் சம்பளம்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் இங்கே யாருக்கும் மனம் துள்ளத்தான் செய்யும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று இளைஞர்களை அழைத்துப் போய் மியன்மரில் மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கிறார்கள் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அடுத்த மாதம் மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இங்கே முன்னோட்டம் உங்களுக்குக் காவல்காரன். சந்தேகமான கடிதத்தை வரிசையில் வைத்தே முதலில் பாருங்கள். அனுப்பியவர் பெயரை நம்பாதீர்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பின்னால் இருக்கும் முழு முகவரியைப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் பெயரில் வந்த கடிதம், எவனோ ஒருவனின் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வருவானேன்? 'இன்று மாலைக்குள்' என்று விரட்டுகிறதா? பணம் கட்டச் சொல்கிறதா? ரகசிய எண்ணைக் கேட்கிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் எதையும் தொடாதீர்கள், இணைப்பைத் திறக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு சர்க்காரில் பதிவு செய்தவர்தானா என்பதை 'இ-மைக்ரேட்' என்ற மத்திய அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க முடியும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னோம். எழுதுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொன்னால்தானே நியாயம்?

'இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் நலத்தையும் மற்றும் வீட்டில் உள்ள பெரியோர் குழந்தைகள் நலத்தையும் அறிய ஆவல்' என்று தொடங்குவது நம் மரபு. அழகான மரபுதான். ஆனால் மின்னஞ்சலில் அந்த மங்கலான துண்டு முழுவதையும் நலமே விழுங்கிவிடும்! பெறுகிறவர் கண்ணில் காரியம் படாது. ஆகவே, விஷயம் என்ற இடத்தில் 'விசாரிப்பு' என்றோ, 'முக்கியம்' என்றோ எழுதாமல், 'அம்மாவுக்குப் புதன்கிழமை கண் ஆபரேஷன்' என்று எழுதுங்கள். முதல் வரியிலேயே 'லீவு கிடைத்தால் செவ்வாய் ராத்திரிக்குள் வா' என்று சேதியைச் சொல்லிவிடுங்கள். நலம் விசாரிப்பது அதற்கடுத்த வரியில் வரட்டும். அன்பு ஒன்றும் குறைந்துவிடாது; சேதி மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உள்ள இளையவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவின் போனையோ, ஆச்சியின் போனையோ வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை அறைகள் இருக்கின்றன, எந்த அறையில் எது விழுகிறது, ஸ்பாம் கூடை எங்கே இருக்கிறது என்று அவர்கள் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். கால் மணி நேரம் ஆகும். அதற்குள் என்றோ வந்து, யார் கண்ணிலும் படாமல், பதிலுக்குக் காத்துக் கிடக்கும் கடிதம் ஒன்று அங்கே அகப்பட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.